மணி அடித்த பின்: காஞ்சிப் பள்ளிகளும் மாணவர் மன்றங்களும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டோடு அந்நகருக்கு மூன்றாவது புகழ் ஒன்றும் உண்டு. அது கல்விப் புகழ். நாவுக்கரசர் அந்நகரைக் கல்வியின் பெருக்கோடு சேர்த்தே பாடினார். பல்லவர் காலத்தில் அங்கு விளங்கிய கடிகை என்னும் கல்விக்கழகம் தென்னாடு முழுவதும் அறியப்பட்டிருந்தது. கடம்பர் குல முதல்வனாகிய மயூரசர்மன் வேதக் கல்வியை நிறைவு செய்வதற்காகத் தன் ஆசிரியர் வீரசர்மருடன் இக்கடிகைக்கு வந்தான். வந்த இடத்தில் பல்லவரின் குதிரை வீரன் ஒருவனுடன் நேர்ந்த பூசலால் சினந்து, கல்வியைக் கைவிட்டு வாளேந்தினான். இதனைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகின்றது. மாணவன் ஒருவனின் மனக்கொதிப்பிலிருந்து அரசு ஒன்று பிறந்த கதை காஞ்சியில் தொடங்குகின்றது.

வாதமும் காஞ்சிக்குப் பழையதே. கந்தபுராணம் குமரகோட்டத்தில் அரங்கேறியபோது, நூலின் முதற் சொற்புணர்ச்சிக்கு இலக்கண விதி உண்டோ என்று அவையிலிருந்த புலவர் ஒருவர் தடை எழுப்பினார் என்றும், கச்சியப்ப சிவாசாரியார் விடை காணாது திகைத்தார் என்றும், முருகப்பெருமானே புலவர் வடிவில் வந்து வீரசோழிய விதியைக் காட்டித் தடையை நீக்கினார் என்றும் மரபுவழிக் கதை கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும், அது உணர்த்தும் அவை ஒழுக்கம் கருதத்தக்கது. இறைவன் அருளிய நூலே எனினும் தடை எழுப்ப அவையில் ஒருவருக்கு உரிமை உண்டு. தடைக்கு விடை அற்புதம் அன்று, இலக்கண விதியே. இவ்வொழுக்கத்தில் வளர்ந்த நகரம் காஞ்சி.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த ஒரு வழக்கம் பழைய அவைகளினின்றும் வேறுபட்டது. கற்றுத் துறைபோகியவர் பேச மாணாக்கர் கேட்பது பழைய அவை. மாலையில் பள்ளி மணி அடித்த பிறகு, கற்று முடியாத சிறுவர்களே கூடிப் பேசுவது புதிய மன்றம். சொற்போர்க் கழகம், இலக்கியச் சங்கம், விளையாட்டுக் குழு, சாரணர் அணி, நாடகக் குழு என்று பல பெயர்களில் இவை தோன்றின. பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் இல்லை. எனினும் 20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் மேடை, இதழ், அரசியல் ஆகிய மூன்றும் வகுப்பறைக்குக் கடன்பட்ட அளவுக்கு இம்மாலைப் பொழுதுக்கும் கடன்பட்டவை. அக்கடனை எண்ணிப் பார்ப்பதும், அம்மாலைப் பொழுது யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்று கணக்கிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

இரு பள்ளிகள்

காஞ்சியில் ஆங்கிலமுறைக் கல்வி 1839இல் வேரூன்றியது. ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. அடுத்த ஈராண்டுகளில் அதன் கிளை காஞ்சிபுரத்தில் திறக்கப்பட்டது. ஆண்டர்சன் பெயரால் இன்றும் வழங்கும் பள்ளியின் தொடக்கம் அதுவே.

மற்றொன்று பச்சையப்பர் அறநிதியின் பள்ளி. வணிகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார். காசி முதல் குமரி வரையுள்ள கோயில்களுக்கும் அறங்களுக்கும் தம் செல்வத்தை உயில் எழுதி வைத்தார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களிடையே வழக்குகள் மூண்டு, பணம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால் வழக்கு தீர்ந்தது. உயிலில் குறித்த அறங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சிய தொகை கல்விக்கெனத் திருப்பப்பட்டது. 1842இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறந்தது. அது 1889இல் கல்லூரியாயிற்று. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் அறநிதியின் கிளைப்பள்ளிகள் எழுந்தன. கோயில் விளக்குக்கென்று எழுதிய உயிலின் வட்டிப் பணம் கோயில் நகரத்துச் சிறுவர்களுக்கு எழுத்து விளக்காயிற்று.

ஒரு பள்ளி சமயப் பரப்பலை உள்நோக்கமாகக் கொண்டது. மற்றொன்று இந்துக்களின் அறப்பொருளால் இந்துப் பிள்ளைகளுக்கென அமைந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான போட்டி நகருக்கு நன்மையே செய்தது. ஒன்றில் உள்ள வசதியை மற்றொன்றிலும் எதிர்பார்க்கப் பெற்றோர் பழகினர். விளையாட்டுத் திடல், நூலகம், மாணவர் மன்றம் ஆகியவை உயர்நிலைப் பள்ளிக்குரிய அடையாளங்கள் என்ற எண்ணம் தமிழகம் முழுவதும் இவ்வாறே பரவியது.

மன்றத்தின் இலக்கணம்

மாணவர் மன்றத்துக்கென ஓர் இலக்கணம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமை, வகுப்பு முடிந்தபின் கூட்டம் நடைபெறும். ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்குவார். மாணவருள் ஒருவன் செயலாளன். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அவன் முதலில் படிப்பான், திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்பார், பிறகு கையொப்பமிடுவார். அன்றைய தலைப்பை ஒருவன் முன்மொழிவான்; மற்றொருவன் மறுப்பான். ஒவ்வொருவருக்கும் குறித்த நிமிடங்கள். முடிந்தால் மேசை மணி ஒலிக்கும். பேசுபவன் எதிரே இருப்பவனை நோக்கிப் பேசாமல் தலைவரை விளித்தே பேச வேண்டும். இறுதியில் வாக்கெடுப்பு, நன்றியுரை.

இன்று இவ்வொழுங்கு எல்லார்க்கும் பழகிப்போன ஒன்று. அன்று ஒரு சிறுவனுக்கு இது புதுமை. வீட்டில் தந்தை பேசும்போதும், கோயிலில் பெரியோர் பேசும்போதும், வகுப்பில் ஆசிரியர் பேசும்போதும் வாய் பொத்திக் கேட்டு வளர்ந்தவன் அவன். அவனுக்கு எழுந்து நின்று, ‘தலைவர் அவர்களே, எதிர்க்கட்சியினர் கூறியதை ஏற்க இயலாது’ என்று சொல்லும் உரிமையை அந்த ஒரு மணிநேரம் அளித்தது. அதனினும் பெரியது, தான் நம்பாத ஒரு பக்கத்துக்காகவும் நேர்மையாக வாதிடும் பயிற்சி. எதிரியின் கருத்தை அவனைக் காட்டிலும் நன்றாக அறிந்தாலன்றி அவனை வெல்ல முடியாது என்பதைச் சொற்போர் மன்றமே கற்பித்தது.

இத்தகைய கழகங்கள் பள்ளிச் சுவரோடு நிற்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிய இளைஞர்களே, ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் முன்னிற்க, 1878இல் ‘இந்து’ இதழைத் தொடங்கினர். கூடிப் பேசியவர்கள் பேசியதை அச்சிடத் தலைப்பட்டபோது இதழ் பிறந்தது. நாவன்மைக்குப் பெயர்பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். அவர்போன்றோர் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பேச்சுக்கலை பள்ளியின் பெருமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் இம்மன்றங்களுக்கு ஒரு குறை இருந்தது. உயர்வகுப்புகளில் பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்தமையால், மன்றத்தின் மொழியும் பெரும்பாலும் ஆங்கிலமே. ஆங்கில நாடகப் பகுதிகளை ஒப்பிப்பதும், ஆங்கிலப் பேச்சாளர்களின் நடையைப் பின்பற்றுவதும் திறமையின் அடையாளங்கள். தமிழாசிரியரின் இடம் மன்றத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஊதியத்திலும் மதிப்பிலும் அவர் பிற ஆசிரியர்க்குக் கீழே வைக்கப்பட்டிருந்தார். வாதத்துக்குப் பெயர்போன காஞ்சியின் சிறுவன் வாதிடக் கற்றுக்கொண்டபோது, அதனை வேற்றுமொழியில் கற்க நேர்ந்தது.

திடலும் சாரணரும்

சொல்லுக்கு மன்றம் போல உடலுக்குத் திடல் அமைந்தது. தொடக்கத்தில் ‘டிரில்’ எனப்பட்ட அணிவகுப்புப் பயிற்சியே உடற்கல்வியாக இருந்தது. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் அதற்கு ஆசிரியராயினர். 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியது பெரும் மாற்றத்துக்கு வித்திட்டது. கட்டளைக்குக் கைகால் அசைப்பது மட்டும் உடற்கல்வி ஆகாது, ஆடி மகிழ்வதும் அதில் அடங்கும் என்னும் கருத்தை அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஊரூராகக் கொண்டு சென்றனர். கால்பந்தும் கூடைப்பந்தும் கைப்பந்தும் பள்ளித் திடல்களுக்கு வந்தன. தெருப்புழுதியில் ஆடப்பட்ட சடுகுடுவும் காலப்போக்கில் விதிகளோடு கூடிய பள்ளி விளையாட்டாயிற்று.

சாரணர் இயக்கத்தின் வரலாற்றில் ஓர் அரசியல் முடிச்சு உண்டு. இந்தியாவில் அவ்வியக்கம் 1909ஐ ஒட்டித் தொடங்கியபோது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவர்களைச் சேர்க்க அதிகாரிகள் தயங்கினர். அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். அச்சாரணர் தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்தனர். 1921இல் பேடன் பவல் சென்னைக்கு வந்த பின்னர் இரு பிரிவுகளும் இணைய வழி பிறந்தது. திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், தண்ணீர் வழங்குதல், வழிதவறிய குழந்தைகளை உரியவரிடம் சேர்த்தல் ஆகியவை சாரணர்க்குரிய தொண்டுகள். வைகாசி கருடசேவையும் பங்குனி உத்திரமும் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் காஞ்சி போன்ற நகரில் இத்தகைய தொண்டுக்கு என்றும் தேவை இருந்தது.

மாணவர் கூடுவதை அரசு ஐயத்தோடும் நோக்கியது. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு மாணவர் திரண்டனர். அதே ஆண்டில், மாணவர் அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கும் ரிஸ்லி சுற்றறிக்கை வெளியாயிற்று. தன்னாட்சி இயக்கம் வலுத்த 1917இல், அரசியல் கூட்டங்களுக்கு மாணவர் செல்லக்கூடாதென்று சென்னை அரசும் ஆணையிட்டது. இதனால் பள்ளி மன்றங்கள் நாட்டு நடப்பை நேரடியாகத் தொடாத தலைப்புகளில் ஒதுங்கின. ‘கத்தி பெரிதா, எழுதுகோல் பெரிதா’, ‘நகர வாழ்வா, சிற்றூர் வாழ்வா’ என்பன போன்ற தலைப்புகளைப் பிற்காலத்தார் எள்ளி நகையாடுவர். ஆனால் எரியும் பொருளைப் பேசத் தடை இருந்த காலத்தில், தீங்கற்ற பொருளை வைத்தே வாதமுறையைப் பயின்ற தலைமுறை அது.

தறிக்குழியில் கழிந்த மாலை

இம்மன்றங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. மாலையில் மன்றத்துக்குச் செல்ல வேண்டுமாயின், மாலைப் பொழுது தனதாக இருக்க வேண்டும். காஞ்சியில் எத்தனை சிறுவர்களுக்கு அது வாய்த்தது?

காஞ்சிப் பட்டின் சிறப்பு உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் அமைந்து, இணைந்த இடம் தெரியாமல் கோத்து நெய்யப்படுவதில் உள்ளது. இதனைக் கோர்வை என்பர். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரே இம்மூன்றையும் கையாளுதல் அரிது. ஆகவே தறியின் ஒரு பக்கத்தில் கரை நாடாவை வாங்கிக் கொடுக்கத் துணையாள் ஒருவர் உட்கார வேண்டும். அத்துணை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. அவன் அமரா விட்டால் தறி ஓடாது. தறி ஓடா விட்டால் அடுப்பு எரியாது. இதனோடு தார் சுற்றுதலும், தெருவில் நீட்டிய பாவுக்கு உதவுதலும் சிறுவர், பெண்டிர் கைகளையே சார்ந்திருந்தன. பிள்ளையார்பாளையத் தெருக்களில் தறியோசை கேட்காத வீடு அரிது. செங்குந்தர், தேவாங்கர், சாலியர் முதலிய நெசவுக் குடிகள் வாழ்ந்த அத்தெருக்களில், பள்ளி மணியும் தறியோசையும் ஒரே சிறுவனை இருபுறமும் இழுத்தன.

முதலாளியிடம் பெற்ற முன்பணம் கடனாக நின்றமையால், தறியை விட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பல குடும்பங்களுக்கு இயலாததாயிற்று. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழி வகுத்தது. எனினும் சட்டம் பள்ளிக்கு வாயில் அமைத்ததேயன்றித் தறிக்குழியிலிருந்து ஏறிவரப் படி அமைக்கவில்லை. காஞ்சித் தறிகளில் சிறுவர் உழைப்பு அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும், 2003இல் பன்னாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் அந்நகரின் ஒருபால் சிறுவர் மேடையேறிப் பேசப் பயில, மறுபால் சிறுவர் நாடாவை வாங்கிக் கொடுத்து மௌனமாக அமர்ந்திருந்தனர்.

வறுமை ஒரு தடை. பிறப்பு மற்றொரு தடை. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகளுக்கு அக்காலப் பள்ளிகள் பலவற்றின் வாயில்கள் மூடியே இருந்தன. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் அவர்க்குள்ள உரிமையை வலியுறுத்தவே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர நேர்ந்தது. சென்னைப் பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவரை மட்டுமே சேர்த்துவந்தது. பெண்களின் நிலையோ இன்னும் பின்தங்கியது. 1918இல் காஞ்சியில் கூடிய சென்னை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி நாயுடு. மாநாட்டுத் தலைமை நாற்காலியில் ஒரு பெண்மணி அமர்ந்த அதே நகரில், ஆண்பிள்ளைகளின் பள்ளி மன்றத்துப் பின்வரிசையிலும் ஒரு சிறுமிக்கு இடமில்லை.

தமிழ் மேடையேறிய வழி

ஆங்கில மன்றத்தின் முறைமையைத் தமிழ் தனதாக்கிக்கொண்ட வரலாறு ஈழத்திலிருந்து தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், பாதிரிமார் பிரசங்கம் செய்யும் முறையைக் கூர்ந்து கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பாட்டுக்கு உரை சொல்வதாக இருந்த பழைய மரபு, பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் அவையோர்க்கு நேரே பேசும் புதிய மரபாக அங்கு மாறியது. அயலார் பள்ளியில் கண்ட வடிவம் கோயில் மண்டபத்தில் தமிழுக்கு உரியதாயிற்று.

தமிழகத்தில் இப்பணியைக் கல்லூரித் தமிழாசிரியர் சிலர் வகுப்புக்கு வெளியே செய்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய பரிதிமாற் கலைஞர், பாடத்துக்கு அப்பால் தமிழ் கற்க விரும்பியவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துத் தனியே பயிற்றினார். அவர்களை ‘இயற்றமிழ் மாணவர்’ என்று பெயரிட்டு அழைத்தார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் முயற்சி எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றோருள் அவரும் ஒருவர். 1903இல், முப்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். ஆயினும் வகுப்பு முடிந்தபின் தமிழுக்கென ஒரு நேரம் வேண்டும் என்னும் வழக்கத்தை விட்டுச் சென்றார். 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1911இல் தஞ்சையில் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் அவ்வழக்கத்துக்குப் பள்ளிக்கு வெளியே நிலையான இல்லம் அமைத்தன.

அரசியல் மேடையில் தமிழை வீற்றிருக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் திரு.வி.க. அவர் பயின்றது இராயப்பேட்டை வெஸ்லிப் பள்ளி. அங்கு அவருக்குத் தமிழ்ச் சுவையூட்டியவர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் செந்தமிழ் கெடாமல் பேசலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார். அதே திரு.வி.க., 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு அங்கு இடம் கிடைக்காமையால் பெரியார் வெளியேறினார். மாநாட்டுத் தலைவர், தீர்மானம், அனுமதி, மறுப்பு, வெளிநடப்பு ஆகியவை பள்ளி மன்றத்தில் விளையாட்டாகப் பயிலப்பட்ட சொற்கள். காஞ்சியில் அவை தமிழ்நாட்டின் வரலாற்றைத் திருப்பும் வலிமை பெற்றுவிட்டதை அம்மாநாடு காட்டியது.

நெசவுத் தெருவிலிருந்து ஒரு குரல்

அம்மாநாடு நிகழ்ந்தபோது காஞ்சியில் பதினாறு வயது மாணவராக இருந்தவர் சி. என். அண்ணாதுரை. 1909 செப்டம்பர் 15 அன்று நெசவு மரபைச் சார்ந்த எளிய குடும்பத்தில் பிறந்து, சிற்றன்னை இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்து, காஞ்சி பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர் அவர். குடும்பச் சூழலால் நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராகவும் பணியாற்றினார். அவ்வெழுத்தர் நாற்காலியிலேயே அவர் வாழ்க்கை நின்றிருக்கலாம். 1928இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்ததால் வேறு வழி திறந்தது. மோசூர் கந்தசாமி முதலியார் போன்ற தமிழாசிரியர்களின் தொடர்பும், கல்லூரி மன்றங்களில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பேசிப் பெற்ற பயிற்சியும் அங்கு அவருக்கு வாய்த்தன.

அண்ணாவின் மேடைத் தமிழைப் பற்றிப் பேசுவோர் அதன் அடுக்குமொழியையும் எதுகை மோனையையும் சுட்டுவர். அவற்றினும் ஆழமாக அதில் அமைந்திருப்பது மன்றச் சொற்போரின் கட்டுக்கோப்பு. எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் எடுத்துக் கூறுதல், அதில் ஏற்கத்தக்கதை ஏற்றல், ஏலாததை வகைப்படுத்தி மறுத்தல், தலைவரின் இசைவோடு முடித்தல் ஆகிய நான்கும் அவரிடம் இயல்பாயின. இதற்கு 1943ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் சான்று. கம்பராமாயணம் குறித்து பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அண்ணா சொற்போர் நிகழ்த்தினார். பின்னர் அவ்வுரைகள் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாயின.

அண்ணாவின் முடிபைக் கம்பனில் தோய்ந்தவர்கள் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. அவ்வேறுபாடு நிற்க. நாட்டையே இருகூறாக்கிய ஒரு பொருளை, இரு தரப்பாரும் ஒரே மேடையில், ஒரு தலைவரின் கீழ், ஒருவர் பேச மற்றவர் பொறுமையாகக் கேட்டு, முறைப்படி மறுத்துப் பேசி முடித்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. சேதுப்பிள்ளையும் பாரதியாரும் சட்டம் பயின்றவர்கள். அண்ணா கல்லூரி மன்றத்தில் வளர்ந்தவர். மேசை மணிக்குக் கட்டுப்பட மூவரும் இளமையிலேயே கற்றிருந்தனர். குமரகோட்டத்து அரங்கேற்றக் கதையில் தடை எழுப்பிய புலவரின் உரிமை, பள்ளி மன்றத்தின் வழியாக, 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் மேடைக்கு மீண்டது எனலாம்.

காஞ்சியில் 1942 மார்ச்சில் தோன்றிய ‘திராவிட நாடு’ இதழும், அண்ணா எழுதி நடித்த நாடகங்களும் இம்மாலைப் பயிற்சியின் நீட்சிகளே. பேச்சு, எழுத்து, நடிப்பு ஆகிய மூன்றையும் பாடத்திட்டம் கற்பிக்கவில்லை. மணி அடித்த பிறகே அவை கற்கப்பட்டன. நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு அந்த மாலை கிடைத்ததன் விளைவு அதுவானால், கிடைக்காமற் போன ஆயிரம் மாலைகளில் தமிழ் இழந்தது எவ்வளவு என்ற வினா எழாமல் இராது.

பட்டிமண்டபமும் வட்டமும்

பட்டிமண்டபம் என்னும் சொல் பழையது. சிலப்பதிகாரத்தில் மகத மன்னன் கரிகாலனுக்கு அளித்த பொருளாக அது வருகின்றது; மணிமேகலையில் சமயவாதிகள் வாதிடும் இடமாக வருகின்றது. நெடுங்காலம் நூலில் உறங்கிய அச்சொல் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் மக்கள் வாய்ச்சொல்லாயிற்று. 1939இல் சா. கணேசன் நிறுவிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாக்களும், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களும் அதனை வளர்த்தனர். பெயர் சங்க மரபின் வழிவந்தது. இரு அணி, நடுவர், நேர வரையறை, தீர்ப்பு என்னும் உறுப்புகள் பள்ளிச் சொற்போர் மன்றம் தந்தவை. பழைய பெயரும் புதிய முறையும் கோர்வைப் புடைவையின் உடலும் கரையும் போல இணைந்தன.

இன்று தமிழகத்தின் ஊர்களில் இயங்கும் இலக்கிய வட்டங்களும் இவ்வழியில் வந்தவையே. மாதக் கூட்டம், தலைமையுரை, கவிதை வாசிப்பு, அதன் மீதான கருத்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று வட்டங்கள் பின்பற்றும் ஒழுங்கு, ஒரு காலத்தில் பள்ளி அறையில் சிறுவர்கள் பயின்ற ஒழுங்கு. நடவடிக்கைக் குறிப்பேட்டைத் தவறாது எழுதும் செயலாளர், தம்மை அறியாமலே அச்சிறுவர்களின் மரபைக் காக்கின்றார். கவிதையைப் படித்தவர் அமர்ந்தவுடன் எழும் முதல் மறுப்பு, அவ்வவை உயிரோடிருப்பதன் அடையாளம். பாராட்டு மட்டுமே ஒலிக்கும் அவை, மணி அடித்தும் கலையாத வகுப்பறையைப் போன்றது.

பத்தாண்டு கண்ட வட்டத்துக்குப் பெருமை கொள்ள உரிமை உண்டு. பெருமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகின்றது. பழைய மாணவர் மன்றங்கள் பேசத் தெரிந்தவர்களை உருவாக்கின. பேச நேரமில்லாதவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. காஞ்சியின் தறிப்பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுவன் கவிஞனாகப் பிறந்திருந்தாலும் அவனுக்கு மாலை நான்கு மணி வாய்க்கவில்லை. இன்றும் கடையிலும் பட்டறையிலும் தறியிலும் மாலையைக் கழிப்பவர்கள் இருக்கின்றனர். கூட்டம் எந்த நேரத்தில் தொடங்குகின்றது, எந்த இடத்தில் கூடுகின்றது, யார் எழுதியது முதலில் வாசிக்கப்படுகின்றது என்னும் சிறிய முடிவுகளே அவர்களுக்குக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்கின்றன. வேலை முடித்து வரும் ஒருவருக்காக ஒரு மணிநேரம் தள்ளிக் கூடும் வட்டம், பழைய மன்றம் விட்டுச் சென்ற கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்கும்.